எழுபத்து மூன்றாம் அட்டை

வருடத்தைச் சரியாகச் சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. பவுண்டும் ஷில்லிங்கும் போய் டாலர் வந்த வருடம் என்றுதான் நினைவு. பபிள்கம் பொட்டலத்தை ஆறு பென்னி என்று கேட்டவர்களும் ஐந்து சென்ட் என்று கேட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். அதற்கு முந்தைய வருடம் என்று அடித்துச் சொல்கிறவர்களும் எங்கள் குர்ராபின் ஊரில் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. நடந்தது இதுதான்: அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் ஊரில் விற்ற ஒவ்வொரு பபிள்கம் பொட்டலத்திலும் கிளெம் கிர்ஷ்னரின் படம் போட்ட அட்டை மட்டுமே இருந்தது.

மற்ற ஊர்களில் அப்படி இல்லை. அங்கே பொட்டலத்தைப் பிரித்தால் மெல்பர்னின் பன்னிரண்டு கால்பந்து அணிகளிலிருந்து யாராவது ஒருவர் வருவார், எழுபத்திரண்டு பேர் சேர்ந்தால் தொகுப்பு முழுமை. கிளெமின் அட்டையில் அச்சாகியிருந்த எண் எழுபத்து மூன்று. கோடு போட்ட பனியனும் வெள்ளை அரைக்கால் சட்டையும் அணிந்து, முட்டைவடிவப் பந்தை இடது கையில் இடுக்கிக்கொண்டு நிற்கும் படம். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். மூன்று வருடங்களுக்கு முன் மெல்பர்ன் அணி ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. பதினோரு ஆட்டங்கள் ஆடினார், முழங்கால் போயிற்று, பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் பிறகு அவர் ஊருக்குத் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. அவருடைய மனைவி எய்ல்சா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மூலைக்கடையை நடத்திவந்தாள். ஊரில் பபிள்கம் விற்ற ஒரே கடை அது. ஓடிப்போன புருஷனின் படத்தை அவள் கையாலேயே ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் கொடுத்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

முதலில் கோபப்பட்டவர்கள் அட்டை சேர்ப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. எல்லோரிடமும் ஒரே ஆள் இருந்தால் யார் யாரோடு மாற்றுவது? பிள்ளைகள் கிளெமை சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிப் படபடவென்று ஓட்டினார்கள். கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. அந்தப் பெயரில் இந்த வருடம் நாங்கள் யாரையும் அச்சிடவில்லை, மாதிரி ஒன்று அனுப்புங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. மாதிரி அனுப்பினோம். உறை அங்கே போய்ச் சேர்ந்தபோது உள்ளே வேறு ஆட்டக்காரர் இருந்தாராம். நாங்கள் அனுப்பிய கிளெம் எங்கள் தபால் நிலைய மேசைமேலேயே கிடந்தார். விஷயம் அத்தோடு நின்றது.

ஊரில் பெரிய சேகரிப்பாளர் மெர்வின் டோங்கின். தானியக் கிடங்கில் வண்டி எடைபோடுபவர், நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை. அட்டைகளைப் புகையிலை டப்பாக்களில் எண் வரிசையில் அடுக்கி, ஒரு மூலைகூட மடங்காமல் வைத்திருந்தார். அட்டைகளை நோட்டில் பசைபோட்டு ஒட்டுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. தினமும் மாலை ஐந்தரைக்கு எய்ல்சாவின் கடை மேடையருகே நின்று ஒரு கோப்பை தேநீர் குடிப்பார். மூன்று வருடமாகக் குடித்தார். இருவரும் பேசிக்கொண்டது குறைவு. மழை வரும் என்பார் அவர். வரட்டும் என்பாள் அவள்.

வெளியூர்க் கடைகளில் பொட்டலம் வாங்கி வாங்கிச் சேர்த்ததில், அந்த வருடம் மெர்வினிடம் இல்லாதது ஏழாம் எண் மட்டும்தான், பெயர்போன ஓர் உயரமான ஆட்டக்காரனின் அட்டை. ஆகஸ்டு முதல் சனிக்கிழமை எங்கள் அணி பதினான்கு மைல் தள்ளியிருக்கும் டன்பெக்கில் ஆடியது. மூன்றாம் கால்பகுதி ஆட்டம் முடிந்த இடைவேளையில் தேநீர்க் கொட்டகைக்குப் பின்னால் அட்டை மாற்றிக்கொள்வது இரு ஊர்களின் வழக்கம். ஒருவர் தன் அட்டைக்கட்டைப் பிரித்துக் காட்டுவார், மற்றவர் எண்ணை மட்டும் பார்த்து, இருக்கு, இருக்கு, இருக்கு, இல்ல என்று சொல்லிக்கொண்டே போவார். டன்பெக்கின் முடிதிருத்துபவர் ஹோரஸ் வேஸியிடம் ஏழாம் எண் இரண்டு இருந்தது. மெர்வினின் கட்டில் கிளெமைக் கண்டதும் அவர் கையை நிறுத்தினார்.

“எழுபத்து மூணா? அப்படி ஒரு நம்பரே கெடையாதேய்யா.”

“எங்க ஊர்ல அது மட்டும்தான் கெடைக்குது. தூக்கிப் போட எடமில்ல.”

“அப்ப ஒண்ண எங்கிட்ட போடு. ஏழ எடுத்துக்க.”

அன்று காலை கடையில் வாங்கிய அட்டையை மெர்வின் கொடுத்தார். தொகுப்பு முழுமையானது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியைப் பார்க்காமல், வண்டியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார் என்று சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை முதல் வந்த அட்டைகளில் கிளெம் ஒற்றைக்காலில் நின்றார். வலது கால் முன்னால் தூக்கியபடி இருக்க, இடது கால் தரையோடு ஒட்டியிருந்தது. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. படம் மாறாமல் வரத் தொடங்கிய பிறகுதான், அதுவரை அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்தது. மூன்று மாதமாக யாரும் படத்தைப் பார்க்கவில்லை. சேகரிக்கிறவன் எண்ணைத்தான் பார்க்கிறான். பழைய அட்டைகளை எல்லோரும் ஊர் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, விருந்துப் பலகைகளைச் சேர்த்துப்போட்டு, வாங்கிய தேதி வாரியாகப் பரப்பினோம். மே மாதம் முதல் அட்டையில் கிளெமுக்குப் பின்னால் மெல்பர்ன் மைதானம். பத்தாவதில் ஃபுட்ஸ்க்ரே பாலம். அறுபதுக்குப் பக்கத்தில் பாக்கஸ் மார்ஷின் எல்ம் மரங்கள், அப்புறம் பல்லாரட்டின் கல் வளைவு, அராராட்டின் குன்றுகள். மைல்கற்களை வைத்து மெர்வின் கணக்குப் போட்டார்: ஒரு அட்டைக்கு அரை மைல். மனிதர் மெல்பர்னிலிருந்து பனியனும் அரைக்கால் சட்டையுமாக வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் செருகிய அட்டைகளில் மட்டும் தலைமுடி பின்னால் பறந்திருந்தது.

அவர் நின்ற இடம் எல்லோருக்கும் தெரிந்தது, ஊருக்கு வெளியே பதினோராவது மைல்கல். நான்கு பேர் காரில் போய்ப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. உறைபனி விழுந்த புல்லில் ஒற்றை இடது பாதம் அழுந்திய தடம் மட்டும் இருந்தது, அந்த ஓரடியில் பனி உருகியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு போர்வையை வைத்துவிட்டு வந்தார்கள்.

மண்டபத்துப் பலகையில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. ஆகஸ்டு முதல் சனிக்கிழமை. மெர்வின் அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஐந்தரை ஆகியிருக்கவில்லை.

“எய்ல்சா, கிளெம் நடந்து வந்துகிட்டிருக்கான்.”

“தெரியும்.”

“எப்பத்துலருந்து?”

“பாலம் தாண்டினப்பவே. தெனமும் காலையில கடை தொறந்ததும் நான் ஒரு பொட்டலம் பிரிச்சுப் பாத்துருவேன். இல்லன்னா இந்த எழவ பெட்டி பெட்டியா எதுக்கு வரவழைக்கிறேன்னு நெனச்ச?”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா வேகமா நடந்துருவானா?”

மெர்வின் தான் செய்ததைச் சொன்னார். அவள் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “எதுக்குக் குடுத்த?” என்று கேட்டாள்.

“ஏழாம் நம்பருக்கு.”

“நல்ல ஆட்டக்காரனா?”

“நல்ல ஆட்டக்காரன்தான்.”

“சரி,” என்றாள். அன்று அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை.

மறுநாள் மெர்வின் ஏழாம் எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டன்பெக்குக்குப் போனார். ஹோரஸ் வேஸி ஒரு விவசாயிக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். கிளெமை வாங்கிய அன்றே கோதுமைமாவுப் பசை காய்ச்சி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டதாகப் பெருமையாகக் காட்டினார். மெர்வின் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஹோரஸ் சிரித்தார், நாற்காலியில் இருந்த விவசாயியும் சோப்பு நுரையோடு சிரித்தார்.

“யோவ் மெர்வ், நீயா? மூணு வருசமா அந்தக் கடையில டீ குடிச்சே கெடக்குறவன் நீ. இப்ப அவ புருஷன நீயே கூட்டிட்டுப் போயி விடப்போறியா? ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும்யா. யாருக்கு என்ன நட்டம்?”

மெர்வின் அடுப்பில் வைத்திருந்த தண்ணீரைப் பார்த்தார்.

“தண்ணி கொதிச்சிருச்சு பாரு,” என்றார் மெர்வின்.

மழிப்பதற்கு வைத்திருந்த வெந்நீர்த் துண்டுகளை நோட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். ஒன்பதாவது துண்டில் அட்டை உரிந்து வந்தது. பின்பக்கத்து எழுத்தில் கீழ்ப்பாதி மட்டும் நோட்டிலேயே தங்கிவிட்டது. ஹோரஸ் ஏழாம் எண்ணை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, ஒரு மூலை மடங்கியிருக்கிறது என்றார். அது பொய். மெர்வின் கிளெமை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதினான்கு மைல் திரும்பி வர அவருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பாதிவழியில் சாலையோரக் குட்டை அருகே வண்டியை நிறுத்தியிருந்ததைப் பால்வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். இஞ்சின் அணைந்திருந்தது, கண்ணாடி இறக்கியிருந்தது, அட்டை அவர் விரல்களுக்கு நடுவே ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஈரம் காயவைக்கிறார் என்று பால்வண்டிக்காரர் நினைத்தார். அப்படியும் இருக்கலாம். அந்தக் குட்டையில் எவ்வளவோ போடப்பட்டிருக்கிறது, ஒன்றும் மேலே வந்ததில்லை. திரும்பி வரும்போதும் பால்வண்டிக்காரர் அவரை அதே நிலையில் பார்த்தார். பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதாம். நாலரை மணிக்கு மெர்வின் மண்டபத்துக்குள் வந்து, காலியிடத்தில் அட்டையை வைத்தார். அதே நேரத்தில் கடையில் பிரிக்கப்பட்ட பொட்டலத்தில் கிளெமின் வலது கால் தரையில் இருந்தது. தோளில் போர்வை இருந்தது.

மீதி பதினோரு மைல், இருபத்திரண்டு பொட்டலங்கள். ஊரே மென்றது. பல் இல்லாதவர்கள் பபிள்கம்மைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்கள். அவசரப்பட்டு மொத்தமாகப் பிரிக்க வேண்டாம், முழங்கால் கெட்ட மனிதன் என்று எய்ல்சா சொல்லிவிட்டதால், ஒரு நாளைக்கு நாலு பொட்டலம் என்று வைத்தோம். கடைசி இரண்டு சனிக்கிழமைக்கு மிஞ்சின. அன்று மதியம் எங்கள் மைதானத்தில் அரையிறுதி ஆட்டம், கடைத்தெருவில் ஓர் ஆள் இல்லை. எய்ல்சா அந்த இரண்டையும் தானே பிரித்தாள். முதலாவதில் அவர் ரயில்பாதையைத் தாண்டிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் அட்டையே இல்லை, பபிள்கம் மட்டும் இருந்தது. நிமிர்ந்தபோது வாசலில் கிளெம் நின்றார்.

“மழ வரும்போல இருக்கு,” என்றார் கிளெம்.

“கதவச் சாத்து. குளிர் உள்ள வருது.”

“பந்த எங்க வைக்கட்டும்?”

“வெளிய. கடைக்குள்ள பந்து கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

அவர் பந்தை வைப்பதற்காகத் திரும்பியபோது ஒரு கணம் அவரைக் காணவில்லை. பக்கவாட்டில் அவருக்கு அட்டையின் கனம்தான் இருந்தது. முழுதாகத் திரும்பி முதுகைக் காட்டியதும் மறுபடி தெரிந்தார். அன்று மாலை பனியனைக் கழற்றியபோது, முதுகில் நீல எழுத்தில் அச்சு இருந்ததை எய்ல்சா பார்த்தாள். கி. கிர்ஷ்னர். உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். எடை நூற்று எழுபத்தொரு பவுண்டு. பிறந்த ஊர் குர்ராபின். ஆடிய ஆட்டங்கள் பதினொன்று. ஊர் திரும்பாமல் இருந்ததற்குக் காரணம் என்ற சொற்களுக்குக் கீழே தோல் உரிந்து ஆறிய வடு.

அந்தக் கீழ்ப்பாதி டன்பெக்கில் நோட்டின் முதல் பக்கத்தில் இடவலம் மாறிய எழுத்தாக இருந்தது. ஹோரஸ் வேஸி நல்ல மனிதர்தான். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, மழிக்கும் கண்ணாடியை வைத்தால் வாசித்துவிடலாம், வாசிக்கட்டுமா என்று எய்ல்சாவிடம் கேட்டார். கிளெம் பக்கத்தில்தான் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

“வேணாம் ஹோரஸ்,” என்றாள் எய்ல்சா. “மூணு வருசம் தெரியாமதான் இருந்தேன். கடை நடந்துச்சு.”

அதற்குப் பிறகு கடையில் வந்த பொட்டலங்களில் எல்லா அணிக்காரர்களும் வந்தார்கள். கிளெம் மேலும் நான்கு பருவங்கள் எங்கள் அணிக்கு ஆடினார். பக்கவாட்டில் ஓடும்போது எதிரணிக்கு அவர் கண்ணில் படாததால் இரண்டு முறை சிறந்த ஆட்டக்காரர் கோப்பை வாங்கினார். டன்பெக் முறையிட்டது, விதிகளில் அதற்கு இடமில்லை என்று நடுவர் குழு தள்ளிவிட்டது. மெர்வின் டோங்கின் ஏழாம் எண்ணைத் திரும்பத் தேடவில்லை. தேநீரை ரயில் நிலையத்தில் குடிக்கப் பழகி, அறுபத்தெட்டாம் வயதில் தூக்கத்தில் இறந்தார். டப்பாக்கள் அவருடைய தங்கை மகளிடம் அடிலெய்டில் இருக்கின்றன. ஹோரஸ் கடையை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனார், நோட்டை யாருக்கும் வாசித்துக் காட்டியதாகத் தகவல் இல்லை. எய்ல்சாவுக்கு இப்போது காது கேட்பதில்லை, கணக்கு மட்டும் தப்புவதில்லை. கடை இருக்கிறது. கிளெமும் கடையில்தான் இருக்கிறார். உள்ளே நுழைந்ததும் ஆள் இல்லை என்று திரும்பிவிடக் கூடாது. மேடைக்கு நேர் எதிரே போய் நின்று கேட்டால், என்ன வேண்டுமோ எடுத்துக் கொடுப்பார்.