உப்பு பார்த்தல்

கனகலக்ஷ்மி மீன் துண்டுகளைக் கடுகெண்ணெயில் ஒவ்வொன்றாக இறக்கினாள். எண்ணெய் சீறியது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"டாக்டர் வேண்டாம்னு சொன்னார்மா," என்றாள் மனிஷா. "கஞ்சியே இறங்கல. மீன் எப்படி?"

"மீன் யார் குடுக்கப்போறா? கொழம்புதான். நாக்குல படணும், அவ்வளவுதான்."

முன்னறையில் அப்பா படுத்திருந்தார். சில நாட்களாகத் தண்ணீர் மட்டும். காலையில் கண்ணைத் திறந்து ஒரு சொல் சொன்னார். ஜோல். மீன் குழம்பு. மனிஷாவுக்குத் தெரிந்த சில வங்காளச் சொற்களில் அது ஒன்று. அம்மா உடனே அவளை மண்டி மொஹல்லா மீன் கடைக்கு அனுப்பினாள். ரோகு, வயிற்றுப் பக்கம், நேற்றையது வேண்டாம்.

அப்பாவின் பெயர் தீபங்கர் நந்தி. அவருடைய அப்பா கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டிக் கல்கத்தாவுக்கு வந்தவர். மகன் கல்கத்தாவையும் தாண்டி மைசூர் ரயில்வே பட்டறைக்கு வந்தார். கனகலக்ஷ்மியின் அப்பாவுக்கு அதே பட்டறையில் ஆபீஸ் வேலை. அந்த வீட்டுக்குள் வெங்காயம்கூட நுழையாது. கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அவள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

மனிஷா மைசூர்ப் பள்ளியில் பெங்காலி. கல்கத்தா போனால் மதராஸி. இரண்டு இடத்திலும் அவள் கன்னடத்தில்தான் கோபப்பட்டாள்.

அம்மா மீன் சமைத்தாள். சாப்பிட்டதில்லை. வாசனையை வைத்தே காரம் சொல்வாள். உப்பு மட்டும் அப்பாவின் வேலை. அடுப்பை அணைக்கும் முன் அவர் சமையலறைக்கு வந்து உள்ளங்கையை நீட்டுவார். அம்மா ஒரு சொட்டு விடுவாள். நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டுவார், இல்லையென்றால் உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்துவார். இதைப் பற்றி அவர்கள் பேசி மனிஷா கேட்டதில்லை.

அம்மா மீனை வாயில் வைத்ததில்லை என்பது பாலசந்திரன் மாமாவுக்குத் தெரியும். அம்மாவின் அண்ணன். தாத்தா இறந்தபோது அதைச் சொல்லித்தான் மற்றவர்களைச் சமாதானப்படுத்தித் தங்கையை வீட்டுக்குள் விட்டார். அதன் பிறகு தீபாவளிக்கு ஃபோன் செய்வார். அம்மா ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

மதிலுக்கு மேல் டோரதியின் தலை தெரிந்தது. பக்கத்து வீடு. ஓய்வு பெற்ற நர்ஸ்.

"கனகாக்கா, உங்க கடுகெண்ணெ வாசனைக்கு எங்க வீட்டுப் பூனை பெங்காலியே கத்துக்கிச்சு."

"டோரதி, அவருக்கு ஒரு சொட்டுக் குடுக்கலாமா?"

டோரதி சிரிப்பை நிறுத்தினாள். "நாக்குல தடவிப் பாக்கலாம். இருங்க, நான் வந்து தலையப் பிடிச்சுக்கறேன்."

குழம்பு கொதித்தது. அம்மா கரண்டியுடன் நின்றாள்.

"நான் பாக்கறேன்," என்று மனிஷா கையை நீட்டினாள்.

"நீ ஹாஸ்டல் சாம்பாரைக் குடிச்சு வளந்தவ. உனக்கு என்ன தெரியும்?"

அம்மா கரண்டியை இடக்கைக்கு மாற்றினாள். வலது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தாள். பிறகு நக்கினாள். ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்கினாள். மறுபடி ஒரு சொட்டு.

"இப்ப சரியா இருக்கு. கிண்ணம் எடு."

டோரதி அப்பாவின் தலையைத் தாங்கினாள். அம்மா விரலால் தொட்டு அவர் நாக்கில் தடவினாள். வாய் மெல்ல அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. அவர் மறுபடி வாயைத் திறந்தார். அம்மா கிண்ணத்தைக் கீழே வைக்கும்போது அவர் வங்காளத்தில் ஏதோ முணுமுணுத்தார். அம்மா வங்காளத்திலேயே பதில் சொன்னாள். இரண்டும் மனிஷாவுக்குப் புரியவில்லை. அவள் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

பாலசந்திரன் மாமா குண்டலுபேட்டையிலிருந்து காரில் வந்தார். இந்த வீட்டுக்குள் அவர் வருவது முதல் தடவை. மீன் வாசனையில் மூக்குக்குப் போன துண்டு பாதியில் நின்றது. மாலையைப் போட்டுவிட்டு அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"காரியமெல்லாம் ஆகட்டும் கனகா. அப்புறம் நம்மாத்துக்கு வந்துடு. மாடி ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். இத்தனை வருடம் அவள் காத்திருந்த பேச்சு.

"இந்த வாசனைக்கு நடுவுல இருந்தும் நீ சுத்தமா இருந்தே. யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். என் தங்கை மாதிரி யார் இருப்பான்னு." அவர் குரல் உடைந்தது.

சமையலறையில் நடந்ததைப் பார்த்தவள் மனிஷா மட்டும்தான். அவள் சொல்லப்போவதில்லை. அம்மா தலையை ஆட்டினால் போதும்.

"அண்ணா, இன்னிக்குக் காலம்பற மீன் கொழம்பை வாயில வெச்சேன்."

மாமா நிமிர்ந்தார். "ஏன்?"

"உப்பு பாக்கணுமே. அவரால எழுந்து வர முடியல."

"ஏதோ பதட்டத்துல பண்ணிட்டே. அதுக்கு ஒரு பிராயச்சித்தம்..."

"பதட்டமெல்லாம் இல்ல அண்ணா. ரெண்டு தடவை பாத்தேன்."

அம்மா குனிந்து அப்பாவின் காலருகே சுருண்டிருந்த போர்வையை நீவிவிட்டாள். மனிஷா எழுந்துபோய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

மாமா வெளியே போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வண்டி வந்தது. பட்டறையில் அப்பாவுடன் வேலை பார்த்தவர்கள் பாடையைத் தூக்கினார்கள். வாசலிலிருந்து கேட்டுக்குப் போகும் வழியில், குறுக்கே துணிக்கொடி. அம்மா காலையில் துவைத்துப் போட்ட அப்பாவின் பைஜாமா அதில் தொங்கியது. அதை எடுக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. முன்னால் போனவர்கள் தயங்கி நின்றார்கள்.

"ஸ்வல்ப இரி, கொஞ்சம் இருங்க," என்று கேட் பக்கமிருந்து குரல் வந்தது.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கொடியை இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். ஈரம் இன்னும் முழுக்கக் காயாத பைஜாமா அவர் கன்னத்தில் ஒட்டியது. பாடை கொடிக்கு அடியில் நுழைந்து, முழுதும் வெளியே போகும்வரை, அவர் கைகளை இறக்கவில்லை.