ரெண்டும் சேர்ந்தே

...இல்லை, காம்பஸால் இனாயா வேண்டுமென்று குத்தியிருக்க மாட்டாள், ஆனாலும் பக்கத்து பெஞ்சுப் பையன் கையில் ரத்தம் வந்ததே, ஒன்பது வயதுப் பெண் செய்கிற காரியமா என்று பிரின்சிபால் கேட்டபோது ருக்சானாவால் தரையைத்தான் பார்க்க முடிந்தது, டாக்டர்கிட்ட காட்டி லெட்டர் வாங்கிட்டு வாங்க, அப்புறம் கிளாஸுக்கு அனுப்புங்க... அதற்காகத்தான் ஊரப்பாக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி, படூரில் இந்தக் குழந்தைகள் மனநல கிளினிக்குக்கு மூன்றாவது வாரமாக வருவது. மகள் நாற்காலிமேல் ஏறுகிறாள், குதிக்கிறாள், மறுபடி ஏறுகிறாள், செருப்பில் ஒன்றைக் காணோம். "உக்காருடி, எல்லாரும் பாத்துகினு கீறாங்க." போன மாதம் மகாபலிபுரத்தில் அலை காலில் பட்டதற்கே அலறி, மணலில் புரண்டு, தூக்கப் போன தன் அத்தா, ருக்சானாவின் புருஷன் மைதீனின் கையைக் கடித்துவிட்டாள், வீடு வந்ததும் அவன், "எல்லாம் நீ குடுக்குற செல்லம்" என்றான். செல்லமா... நேற்று நோட்டைக் கிழித்ததற்குத் தோசைக்கரண்டியால்... சூடாக இல்லை, சும்மா இருந்த கரண்டிதான், நான் போட்டது ரெண்டே அடி, இல்லை, மூன்றோ?

உள்ளே டாக்டர் சியாமளா, ஸ்கூல் டீச்சர் எழுதிக் கொடுத்ததை மூடிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார், "ஒரு இடத்துல இருக்க முடியாத துறுதுறுப்பு ஒண்ணு, உள்ளுக்குள்ள பயம் ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தே இருக்கும்மா. வேணும்னு பண்ணல அவ. சரிபண்ணலாம்." பயமா, இவளுக்கா, கிளாஸில் பெஞ்சைத் தள்ளிவிடுகிறவளுக்கா, எதைப் பார்த்து? "வீட்ல அடிக்கிறது உண்டா?" சொல்லிவிடலாம், சொன்னால் என்ன, எழுதிக்கொள்வார்கள், ஸ்கூலுக்குப் போகும், மைதீனுக்கும்... "எங்க வூட்ல யாரும் அடிக்க மாட்டாங்க" என்றாள் இனாயா. தெளிவாக, திக்காமல். டாக்டர் ருக்சானாவைப் பார்த்தார், மகள் சொன்னது சரி என்பதுபோல் ருக்சானா தலையை ஆட்டினாள், ஆட்டிய பிறகுதான் கவனித்தாள், இனாயாவின் கால்கள் ஆடவில்லை, நாற்காலியில் அடங்கி உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதிருந்து இப்படிப் பார்க்கிறாள், தினமுமா, ஸ்கூல் விட்டு வாசலில் நுழையும்போதே என் முகம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று... "மேடம், ஒரு நிமிஷம்..." தன் குரல்தானா அது? மேசைக்கடியில் ஒரு சின்னக் கை அவள் விரல்களைப் பிடித்து அழுத்தியது, சொல்ல வேண்டாம் என்று. பயம் என்றாரே டாக்டர், இவள் பயப்படுவது என்னைப் பார்த்தா, எனக்காகவா?