சிவப்பு அம்புக்குறி

என் வீட்டுக்காரர் பிரகாசத்துக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை அப்படி. ஓசூரில் ஒரு வண்டி கம்பெனியில் பெயிண்ட் ஷாப் இன்ஸ்பெக்ஷன். பெட்ரோல் டேங்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பெயிண்ட் வழிந்திருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். சட்டைப் பையில் அந்த ஸ்டிக்கர் இல்லாமல் அவர் கோயில் பூசைக்குக்கூட வந்ததில்லை. என் சாம்பாரில் ஒட்ட முடியாது என்பதால் வாயால் சொல்லிவிடுவார்.

எங்கள் மகள் அனிட்டா, தளிப் பக்கம், காலமாகிவிட்ட ஓவியர் நஞ்சுண்டனின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டி விளக்குகிற வேலை. "செவுத்தக் காட்றதெல்லாம் ஒரு வேலையா?" என்பது இவர் கட்சி. தன் கம்பெனி ஆபீசில் அவளுக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"ஒரு வாட்டி வந்து பாருங்கப்பா. அப்பறமும் வேண்டாம்னா நின்னுக்கறேன்" என்று அனிட்டா சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். தோட்டத்தில் மஞ்சள் டேலியா பூத்துக் குலுங்கியது. வரைவதற்காகவே ஓவியர் நட்டு வளர்த்ததாம். இவர் ஓர் இலையைப் புரட்டினார்.

"பூச்சி அரிச்சிருக்குது பவுலினா."

"நீங்க பூவப் பாருங்க."

"அதுலயும் ஒரு எதழ் கம்மி."

கூடத்தில் அதே டேலியாக்கள் படமாக, கண்ணாடிக்குள் இருந்தன. ஒரு பூவுக்குக் கீழே மஞ்சள் வண்ணம் கோடாக வழிந்திருந்தது. இவர் தலையைச் சாய்த்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் விரல் பைக்குள் போய் வந்துவிட்டது. கண்ணாடி மேல், வழிந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி!

"மாதாவே! என்னாங்க பண்றீங்க?"

"கை பழக்கம்டி" என்றார், பாவமாக.

அதற்குள் அனிட்டா பெங்களூர்க்காரர்கள் ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே மேனேஜர் சௌமியா. அம்புக்குறியைப் பார்த்ததும் என் மகளின் முகம் வெளுத்தது. யார் ஒட்டியது என்று அவளுக்குத் தெரியாதா? வந்தவர்களோ, கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். நெருங்கி நின்றுகொண்டு, இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார்கள்.

அனிட்டா படத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு கன்னடத்தில் ஒரு தடவை, எங்கள் பக்கம் பார்த்துத் தமிழில் ஒரு தடவை சொன்னாள். "வரையும்போது மழை. ஜன்னல் வழியா சாரல் அடிச்சு வண்ணம் வழிஞ்சிருச்சு. பூவே நனையுது, படம் மட்டும் நனையக் கூடாதான்னு அவர் அப்பிடியே விட்டுட்டார்."

கூட்டம் "ஆகா" என்றது. இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "தொடைக்கவே இல்லீங்களா?" என்று யாரோ வேற்றாள் மாதிரி மகளிடமே ஒரு கேள்வி வேறு.

"இல்லீங்க சார்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எல்லோரும் நகர்ந்ததும் சௌமியா அம்புக்குறியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இவர் நகத்தால் பதமாக உரித்தெடுத்தார். தோட்டத்துக்கு வந்ததும் தன் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார்.

"வெங்கடப்பா, அந்த ஆபீஸ் எடத்த வேற யாருக்காச்சும் சொல்லிரு. எம் பொண்ணுக்கு இங்க வேலை இருக்குது."

அனிட்டா அழுதுவிட்டாள். நானும்தான். இவர் அவளிடம் போய், விரலில் ஒட்டிக்கொண்டிருந்த அம்புக்குறியை அவள் கழுத்து அட்டையில், பெயருக்கு நேராக ஒட்டினார்.

"அங்க என்னப்பா தப்பு?"

"தப்பில்ல பாப்பா. எல்லாரும் பாக்க வேண்டிய எடம்."

என் சாம்பார்ச் சட்டிக்கும் அப்படி ஒன்று ஒட்டுங்களேன் என்றேன்.

"அதுல உப்பு கம்மி" என்றார்.