இடது காது மட்டும் மிச்சம்

லிப்ட் கம்பெனியின் நேர்முகத் தேர்வு அறைக்குள் போகிறவர்கள் அவரவர் முகத்தோடு போவார்கள். வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே முகம் இருக்கும். ஊரில் அதைத் தேர்வு முகம் என்பார்கள். வயது சொல்ல முடியாத முகம். நெற்றி வழவழவென்று இருக்கும், புருவங்கள் அளந்து வரைந்ததுபோல இருக்கும், மூக்கு நீளமும் இல்லை குட்டையும் இல்லை, உதட்டில் யாரையும் சங்கடப்படுத்தாத ஒரு சின்னப் புன்னகை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே முகம்தான். இதற்காக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடித்து, யாராவது உரிமையோடு நாலு வார்த்தை திட்டினால், பொழுது சாய்வதற்குள் சொந்த முகம் திரும்பிவிடும். கம்பெனி வாசலில் காத்திருக்கிற குடும்பத்தார், உள்ளேயிருந்து ஆள் வரும்போதெல்லாம் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்கிறவரை அழைத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஒரு தையல்காரரின் மனைவி ஆளை மாற்றிக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடும் போட்டுவிட்டாள். முகம் திரும்பியபிறகு பார்த்தால், அது அடுத்த தெருத் தபால்காரர். நல்ல பசியில் இருந்ததால் அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

முகத்தை எடுத்தது கேள்வித்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து அச்சடித்து வந்த தாள் அது. வரிசை மாறக் கூடாது, ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நடுவில் சிரிக்கக் கூடாது. முதல் கேள்வியில் புருவம் போகும், அடுத்ததில் மூக்கு, அப்படியே கீழே இறங்கிக் கடைசிக் கேள்வியில் முகவாய் போகும். இப்படி ஒரு தாள் எதற்கு வந்தது என்றால், அதற்கும் நியாயம் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த மேலாளர் தாளும் வைத்துக்கொள்ள மாட்டார், பேனாவும் வைத்துக்கொள்ள மாட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ வரவழைத்து, தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி மணிக்கணக்காக அரட்டை அடிப்பார். அவரிடம் யார் முகமும் போனதில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் கம்பெனி முழுக்க மீன் பிடிக்கிறவர்களாகவே நிரம்பிவிட்டார்கள். அதிலும் பாதிப் பேர் அவருடைய மச்சினன்மார். மீனைப் பற்றித் தெரியாத பாவத்துக்கு எத்தனையோ நல்ல ஆட்கள் டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி என்று தாள் வந்தபோது ஊரே மகிழ்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாளை வாசிக்கிற வேலை அக்காவுக்கு வந்தது. கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் பல வருடம் அவள் போன் அறையில் இருந்தவள். எங்காவது லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்துவார், மணி இங்கே அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சொல்வதற்குச் சுலபம். இருட்டுப் பெட்டிக்குள் மூச்சு முட்டிக் கத்துகிறவரிடம் பயப்படாதீர்கள் என்றால் இன்னும் பயப்படுவார். அக்கா அப்படிச் சொல்ல மாட்டாள். எடுத்த எடுப்பில், "பையில என்ன வச்சிருக்கீங்க?" என்பாள். கத்துகிறவர் ஒரு நொடி நிறுத்துவார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்குவார். மாத்திரை, குடை, பிள்ளைக்கு வாங்கிய பென்சில் டப்பா. பென்சில் டப்பாவிலிருந்து பிள்ளைக்குப் போய், பிள்ளையின் வாத்தியாரைக் கரித்துக்கொட்டி முடிப்பதற்குள் மெக்கானிக் கதவைத் திறந்துவிடுவார். இப்படிப் பேசுகிற ஆட்களைத்தான் இப்போது அந்தத் தாளை வாசித்து அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தாள் வழியாக வந்த புதியவர்கள், மாட்டிக்கொண்டவர்களிடம் உங்கள் பொறுமைக்கு நன்றி என்றார்கள். கேட்ட ஒருவர் உள்ளேயிருந்து கதவை உதைத்துக் கால்விரலை முறித்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரு தம்பி. படித்து முடித்த நாள்முதலாக நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தான், அக்காவின் கம்பெனியைத் தவிர ஊரில் அவன் படி ஏறாத கம்பெனி இல்லை. தாள் அதற்குள் எல்லாக் கம்பெனிக்கும் பரவியிருந்தது. ஆரம்பத்தில் அவன் முகமும் எல்லோருக்கும்போல அன்றன்றைக்கே திரும்பியது. பிறகு மறுநாள் ஆனது, ஒரு வாரம் ஆனது. ஒருமுறை புருவம் திரும்பவில்லை. அடுத்தமுறை மூக்கு. கடைசியில் இடது காது ஒன்றுதான் அவனுடையதாக மிஞ்சியது. சின்ன வயதில் அக்கா பிடித்துத் திருகித் திருகி மேல்மடல் கொஞ்சம் மடங்கிப்போன காது. அதுவும் போய்விட்டால் எதுவுமே திரும்பாது என்று ஊரில் சொன்னார்கள். சொன்னதற்கு அத்தாட்சியாகக் கம்பெனியின் இப்போதைய மேலாளரே இருந்தார். தாளுக்குப் பதில் சொல்லித் தேர்வாகி வந்த முதல் ஆள் அவர். தேர்வு முகம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் அப்பாவை ஷூவை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவளுக்குப் புத்தி, பார்வை எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் தன் பிள்ளை என்று தோன்றவில்லை. கதவைத் திறந்தவுடன், "வாங்க தம்பி, உக்காருங்க. பையன் வெளிய போயிருக்கான், இப்ப வந்துருவான்" என்பாள். அவனும் உட்கார்ந்து தனக்காகக் காத்திருப்பான். அம்மா டம்ளரில் தண்ணீர் கொடுப்பாள், மின்விசிறியைப் போடுவாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பது எவ்வளவு திண்டாட்டம் என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுவாள். மகனுக்கு எடுத்துவைத்த சாப்பாடு மூடியே இருக்கும். அக்கா வேலையிலிருந்து வந்து, காதைப் பார்த்துவிட்டு, அவனைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைப்பாள். காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பதும் அந்தக் காதைத்தான். அது இருக்கிறவரை அவளுக்கு மூச்சு விட முடிந்தது.

இப்படி இருக்கும்போது அவன் லிப்ட் கம்பெனிக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டான். அக்காவிடம் சொல்லவில்லை, வேறு இடம் மிச்சமில்லை என்பதை எப்படிச் சொல்வது? தேர்வுக்கு வருகிறவர்களின் பெயர்களில் அவன் பெயரைப் பார்த்தவள் அன்றைக்கே வீட்டில் அவனைப் பிடித்துக்கொண்டாள். போகாதே என்று சண்டை போட்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவைக்கா. இதுவும் இல்லன்னா விட்டுர்றேன்" என்றான். இதுவும் இல்லையென்றால் விடுவதற்கு ஆள் இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. மறுநாள் மேலாளரிடம் போய், வருவது என் தம்பி, கேள்வியை வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். மேலாளர் கெட்டவர் அல்ல. அந்தச் சின்னப் புன்னகையோடு, "அதுக்குத்தானம்மா இந்தத் தாளே வந்துச்சு. யாரு கேட்டாலும் ஒண்ணுதான், யாரு பதில் சொன்னாலும் ஒண்ணுதான். நானே பக்கத்துல உக்காந்துக்கறேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

தேர்வன்று காலையில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அறையில் இரண்டு நாற்காலி இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், சுவரில் ஒரு கடிகாரம். மேலாளர் ஒவ்வொரு கேள்விக்கும் டிக் அடிக்கப் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டார். வெளியே போகிற ஒவ்வொருவரும் கதவருகே முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்கள். தம்பியின் முறை வந்தது. மடியில் பையை இறுக்கிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அக்கா தாளைப் பார்த்து வாசித்தாள்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். கடின உழைப்பாளி, எல்லோரோடும் இணைந்து பணியாற்றுவேன் என்று கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தான். வேறு எடுக்க எதுவும் இல்லாததால் தாள் நேராகக் காதுக்கு வந்தது. மடல் லேசாக நிமிர்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அடுத்த கேள்வி: உங்களிடம் உள்ள குறை என்ன? அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை என்றான். மடிப்பு இன்னும் கொஞ்சம் அழிந்தது. இஸ்திரி போட்ட சட்டைபோல மடல் நேராகிக்கொண்டிருந்தது, அவனுக்கு அது தெரியவே இல்லை. அடுத்த கேள்வியை வாசிக்க வாயைத் திறந்தாள். வந்தது போன் அறைக் குரல்.

"சரி, இருக்கட்டும். பையில என்ன வச்சிருக்கீங்க?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். மேலாளரின் பென்சில் நின்றது. அவர் தாளை மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, "இது இதுல இல்லையேம்மா" என்றார்.

"இல்லை சார்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

"மாட்டிக்கிட்டாரு சார்."

மேலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். அதற்குள் தம்பி பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைக்கத் தொடங்கியிருந்தான். சான்றிதழ் பைல், பல் உடைந்த சீப்பு, உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்றாள். மூக்கு வந்துவிட்டதா என்று பஸ்ஸில் பார்த்துக்கொள்வானாம், பக்கத்து சீட்டுக்காரர் அழகு பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வாராம். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது, சிரித்த பக்கம் கன்னத்தில் பழைய குழி விழுந்தது. பிறகு ஒரு சாவியை எடுத்தான்.

"வீட்டுச் சாவிக்கா. கைலயேதான் இருக்கு. நானே தொறந்துட்டுப் போனா, யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு அம்மா பயந்துருவாங்க. அதான் பெல் அடிச்சிட்டு நிப்பேன்."

அக்கா அழுதாள். அதை மறைக்கவும் இல்லை. அழுதுகொண்டே, அந்த பஸ்ஸைப் பற்றியும், காத்திருக்கிற அறைகளில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் அவன் என்ன பேசுவான் என்பதைப் பற்றியும் கேட்டாள். பயந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சிரிக்க வைக்க என்ன செய்வான் என்று ஊர்க்கதைபோல அவன் சொல்லச் சொல்ல, காதில் மடிப்பு விழுந்தது, புருவம் ஒன்று முளைத்தது, பிறகு இன்னொன்று, முதலாவதைவிடக் கொஞ்சம் மேலே. கடைசியில் அவள் பேச்சோடு பேச்சாகவே, "உனக்கு இந்த வேலை இல்லடா. நான் அக்கா, நான் எடுக்கக் கூடாது" என்றாள். அவன் தலையாட்டினான். இல்லை என்ற சொல்லை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான், அன்றைக்குத்தான் அது அவன் முகத்தில் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. எழுந்தவன், பழக்கதோஷத்தில், உங்கள் பையில் என்ன சார் என்று மேலாளரையும் கேட்டுவிட்டான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே மேலாளர் பைக்குள் கையை விட்டார். வார் அறுந்த ஒற்றைக் குழந்தைச் செருப்பு ஒன்று வந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும் என்று மாதக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். "பாப்பா கால் இந்நேரம் வளந்துருக்கும்" என்றார். அவருடைய முகவாய்க்கு அடியில் ஒரு மச்சம் வந்து உட்கார்ந்தது.

தலைமை அலுவலகம் இதைக் கேள்விப்பட்டு, பையில் என்ன இருக்கிறது என்பதையும் தாளில் முதல் கேள்வியாக அச்சடித்து அனுப்பியது. ஒரு வருடத்துக்குள் பயிற்சி நிலையங்களில் தேர்வுப் பை என்று ஒன்றைத் தயார் செய்து விற்றார்கள். உள்ளே ஒரு குடை, ஒரு புத்தகம், அம்மாவுக்கு வாங்கிய மருந்து. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பையைத் திறந்து ஒரே சாமான்களை வைத்தார்கள், புருவம் முன்னைவிட வேகமாகப் போனது. அக்கா தாளை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, எதிரே இருப்பவரைப் பார்த்து அந்தந்த நேரத்தில் தோன்றியதைக் கேட்டாள். தனக்குப் பிடித்தவர்களையே எடுத்துவிடுவோமோ என்ற பயம் அவளை விடவே இல்லை. பழைய மேலாளரின் தூண்டிலும் டீயும் ஞாபகம் வரும். அதனால் ஒருவர் தனக்கு உடனே பிடித்துப்போனால், எதிலும் குறை கண்டுபிடிக்கிற கணக்குப் பிரிவுக்காரரிடம் அவரை இன்னொரு தடவை பேச அனுப்பினாள். தம்பி வேறோர் இடத்தில், பஸ் நிலையத்தில் தொலைந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுன்ட்டரில் உட்கார்ந்தான். அங்கே அவனிடம் எப்போது வருகிறாய் என்பதைத் தவிர எதையும் கேட்கவில்லை.

அதெல்லாம் பிற்பாடு. தேர்வன்று சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பெல்லுக்குக் கை போனது. பிறகு சாவியை எடுத்துத் தானே திறந்து உள்ளே போனான். சத்தம் கேட்டு அம்மா கையில் கரண்டியோடு பதறி ஓடிவந்தாள். கன்னக்குழியைப் பார்த்தாள், ஏறியிறங்கிய புருவத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள்.

"ஏன்டா, சாவிய வச்சுக்கிட்டா இத்தன நாளா பெல் அடிச்ச?" என்றாள்.

மூக்கு மட்டும் வேறு யாருடையதோ வந்திருந்தது. கொஞ்சம் பெரியது, நுனியில் ஒரு பழைய தழும்பு. உரியவர் என்றாவது கேட்டு வருவார் என்று அக்கா சில காலம் எதிர்பார்த்தாள், யாரும் வரவில்லை. சளி பிடித்தால் அம்மா அதற்கும் தைலம் தடவிவிடுகிறாள்.