நூலகர் மேசைமேல் மைக்

வாசிப்பறையைச் சனிக்கிழமை மாலைகளில் தன் பாட்டுப் பயிற்சிக்குத் தரும்படி கேட்டிருந்தாள் மருந்துக்கடைக்காரி. கடையும் வீடும் தவிர அவள் குரலுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே அறை அது. தலைமை நூலகர் மறுக்கவில்லை. நிபந்தனை ஒன்றை மட்டும் வைத்தார்.

"நீங்க பாடறது கேக்கலாம்மா. பாடாதப்போ பொட்டுச் சத்தம் கேக்கக்கூடாது. நாளைக்குப் பாடிக் காட்டுங்க, அப்புறம் சொல்றேன்."

அவள் தனி ஆளாகக் கூட்டுப்பாடல் பாடுபவள். காலடியில் இருக்கும் லூப் பெடல் அவள் பாடும் வரியைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்பச் சுழற்றும். அதன்மேல் அவளே அடுத்த குரலைச் சேர்ப்பாள், அதற்கும்மேல் இன்னொன்றை. ஆனால் பெடலுக்குப் பாரபட்சம் தெரியாது. குரலோடு இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். அடுக்கு ஏற ஏற இரைச்சலும் ஏறும்.

அன்று மாலையே லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணி கருவிப்பையோடு அவள் வீட்டுக்கு வந்து, ஒரு வரியைச் சுழலவிட்டுக் கேட்டாள்.

"உன் பாட்டுக்குப் பின்னால ஒரு தேன்கூடே இருக்கேடி."

"பெரிய மெஷினா வாங்கச் சொல்றார் பெடல் வித்த கடைக்காரர், அண்ணி. ஆறு பெடல், திரைகூட இருக்காம்."

"உனக்கு எத்தனை கால்?"

பெடலின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பேட்டரியை இணைத்தாள் அண்ணி. ரீங்காரம் அடங்கியது. அடுத்து மைக்கின்மீது கண் விழுந்தது.

"பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுறது வரைக்கும் கேக்குது. இது உளவுத்துறைக்கு ஆகும், உனக்கு ஆகாது." வாயருகே வைத்தால் மட்டுமே கேட்கும் சாதாரண மேடை மைக் அதன் இடத்துக்கு வந்தது.

மறுநாள் இருவரும் வாசிப்பறைக்குப் போனபோது நூலகர் முதலில் கவலைப்பட்டது தரையைப் பற்றி.

"இப்பதான் பாலிஷ் போட்டிருக்கு, கோடு விழும். ஸ்டாண்டை என் மேசைமேலயே வச்சுக்குங்க."

வைத்தார்கள். அவரும் அதே மேசையில், திரும்பிவந்த புத்தகங்களின் நடுவே, காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்தார். அவள் முதல் வரியைப் பாடிப் பெடலை மிதித்தாள். வரி சுழன்று வந்தது. அதன் நடுவில் ஒரு 'டொம்'. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் 'டொம்'.

"கேட்டீங்களா? இதைத்தான் சொன்னேன். என்ன சத்தம் அது?"

சனிக்கிழமைகள் கைநழுவிப்போவது மருந்துக்கடைக்காரிக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அண்ணியோ மேசையைப் பார்த்தாள். பிறகு, தேதி முத்திரையைப் பிடித்திருந்த நூலகரின் கையைப் பார்த்தாள்.

"அது உங்களுதுதான் சார்."

"நான் வாயே திறக்கலையே."

"வாய் இல்ல சார், கை. அவ பாடறப்போ ஒரு குத்து குத்தினீங்க. மேசை வழியா மைக்குக்குப் போயிடுச்சு."

பல்லாண்டுப் பழக்கம்; குத்தியதை அவரே அறியவில்லை. சந்தேகத்தோடு முத்திரையை ஓங்கி, சுழன்றுவரும் 'டொம்'முக்காகக் காத்திருந்து குத்தினார். தப்பியது. அடுத்த சுற்றில் இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்தன.

"அழிச்சுட்டு மறுபடி பாடவா சார்?"

"இருங்கம்மா. நீங்க பாட்டுக்குப் பாடுங்க."

அவள் இரண்டாம் குரலைச் சேர்த்தாள், பிறகு மூன்றாவதையும். பாட்டு முடிந்தபோது நூலகரிடமிருந்த புத்தகத்தின் தேதித்தாளில் முத்திரை குத்த இடமே மிச்சமில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க பக்கத்துல ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்ல. சனிக்கிழமை வந்துடுங்க."

சனிக்கிழமை முன்னெச்சரிக்கையாக அண்ணி மேசை அதிர்வு மைக்குக்கு ஏறாதபடி ஸ்டாண்டின் அடியில் தடிமனான ஸ்பாஞ்சு ஒன்றை வைத்திருந்தாள். முதல் வரிக்குச் சற்று முன், நூலகர் ஸ்டாண்டை மெல்லத் தூக்கி, ஸ்பாஞ்சை உருவி இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டார்.