மிசின் முனி

பேராசிரியர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் பிடித்த பிடியில்தான் அந்த மழையிலும் நான் நமுனுகுல மலையேறினேன். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் நாங்கள் புதைத்து வைத்திருக்கும் காந்தமானியின் பதிவுக் கோடு சில மாதங்களுக்கு முன் திடீரென்று துள்ளி, வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டதாம்; இப்போதுதான் கவனித்தாராம். பூமி அப்படியெல்லாம் துள்ளாது. யாரோ பக்கத்தில் இரும்பு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் போடு, மெஷினில் மட்டும் கை வைத்துவிடாதே, பதிவு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்.

மழையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொழும்பில் வெயிலாக இருந்திருக்கும்.

நான் யசோதினி. பசறைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருப்பவள். பெயர்தான் பெரிது. குழி வெட்டுவதும் கம்பி இழுப்பதும் திட்டு வாங்குவதும்தான் வேலை. நடுப்பகலில் நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்சாரம் ஓடுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு எங்கள் தீவை ஒட்டிப் போவதால் இங்கே அது பலமாக ஓடும். மேலே அது கூடிக் குறையும்போது கீழே பாறைக்குள்ளும் மெல்லிய மின்சாரம் கிளம்பும். இரண்டையும் அளந்தால் உச்சிக் காற்றின் போக்கும் தெரியும், பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறை எப்படி வெந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியும். எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் அன்றைக்கு முழங்கால் வரை சேற்றோடு ஏறும்போது எல்லாமே வெறுத்துப் போயிருந்தது.

வேனை ஓட்டி வந்த வாஹித் நானா கீழே பாதை முடியும் இடத்திலேயே நிறுத்திவிட்டார். மலை தண்ணீரைக் குடித்து ஊதிப்போய் இருக்கிறது, சீக்கிரம் இறங்கிவிடு என்றார். காலையிலேயே கிராம சேவகர் வந்து, மேல் லயத்து ஆட்கள் பாடசாலைக்கு இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆனால் லயத்தில் புகை வந்துகொண்டிருந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

கருவி இருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பதிவு செய்யும் எங்கள் வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில், காந்தமானி புதைந்திருந்த மண்மேட்டின் மேலேயே, ஓர் ஆள் உயர இரும்புச் சூலம். அதில் சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம், மழையில் கரைந்து வழியும் திருநீறு. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி வைத்துக் கும்பிட்ட சனம், எங்கள் கருவிக்கும் ஒரு முனியை வைத்துவிட்டது.

லயத்திலிருந்து நல்லம்மா அக்கா தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கொழுந்து பறிப்பவர். நாங்கள் கருவி வைத்தபோது எங்களோடு நின்று மண் அள்ளிப் போட்டவர். சூலம் யார் வேலை என்று கேட்டேன். எல்லோரும் சேர்ந்துதான், ஆடி வெள்ளியில் பொங்கல் வைத்து நட்டோம் என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"மிசின் முனி வந்தப்புறந்தான் மிஸ், நாங்க மழையில கண்ண மூடுறோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த டிவிசனில் மண்சரிவு எச்சரிக்கைக்காக மழை அளக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அளவு தாண்டினால் கத்தும். எங்கள் பெட்டியும் அதே மாதிரி வெள்ளை, அதே மாதிரி கம்பி. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு இந்தப் பக்கத்து லயங்களில் மழை பெய்தால் யாருக்கும் உறக்கம் கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் பாயும் சட்டியுமாகப் பாடசாலைக்கு இறங்குவதும், மலை சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு ஈரத்தோடு ஏறி வருவதுமாக அலுத்துப்போன ஆட்கள். இப்போது பெட்டி கத்தவில்லை, அதனால் மலைக்கு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாசல் வாசலாகப் போய்ச் சொன்னேன். இது மேலே வானத்தையும் கீழே வெகு ஆழத்தையும் பார்க்கும் கருவி, நடுவில் நாம் நிற்கும் இந்த மண்ணைப் பற்றி இதற்கு ஒன்றுமே தெரியாது, இது கத்தாது, மலை பெயர்ந்து வந்தால் இதுவும் நம்மோடு சேர்ந்து போகும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். படித்த பிள்ளை தன் கருவியைத் தானே குறைத்துப் பேசுகிறதே என்று ஒருவர் என்னைத் தேற்றினார். அவ்வளவு ஆழம் பார்க்கிற மிசினுக்கு மேல்மண்ணா தெரியாது என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒருவரும் பாயைச் சுருட்டவில்லை.

லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கியிருந்தது; மேலே மலை கரைகிறது.

நான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி ஏறினேன். கருவி வைக்க அனுமதி கேட்டு ஏறி இறங்கிய அலுவலகங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. பேராசிரியர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். சூலத்தைக் கும்பிட்டுப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்தேன். பிறகு மண்ணைத் தோண்டிக் காந்தமானியை வெளியே எடுத்தேன். கம்பிகளை அறுத்துச் சுருட்டினேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்து முன்வாசல் வழியாக, எல்லோரும் பார்க்கும்படி, நடந்தேன்.

முனியைப் பிடுங்கிக்கொண்டு போகிறாயே என்று ஒரு பெண் என்னை வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினாள். நான் நிற்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் கதவுகள் அடிபடும் சத்தமும், பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தமும், சட்டி பானை உரசும் சத்தமும் கேட்டன. இறங்குகிறார்கள். அழுகை வந்தது, மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

வளைவில் நல்லம்மா அக்கா என்னை எட்டிப் பிடித்தார். இடுப்பில் கடைசி மகள், தோளில் துணிமூட்டை. கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. களைத்துப்போன முகம் மட்டும்தான் இருந்தது.

"அப்ப இத்தன நாளும் மழையில எங்கள யாரு புள்ள பாத்துக்கிட்டா?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது உண்மைதான்.

"யாருமே இல்லக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வழுக்கும் பாதையில் எனக்கு முன்னால் இறங்கினார்.