வலதுபுறம் திரும்பாத பத்மினி

காவலூர் பிலிப்ராஜின் பத்மினி கார் ஆறு வருடங்களாக வலதுபுறம் திரும்பவில்லை. மலைப்பாதை வளைவுகளில் ஒரு தொல்லையும் இல்லை. ரோடு எப்படி வளைந்ததோ அப்படி வளைந்தது. ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் வம்பு. அங்கே வலப்பக்கம் ஒடித்தால் ஸ்டியரிங் நட்ட கல்மாதிரி நிற்கும். நாலு ஆட்கள் சேர்ந்து இழுத்தும் பார்த்தாயிற்று. இடப்பக்கம் என்றால் ஒற்றை விரலுக்கு வரும். அந்த வருடம் சாமை விளைச்சல் குறைவு, மாதா கோயிலுக்குப் புது மணி வந்தது, பத்மினி வலதுபுறம் திரும்புவதை நிறுத்தியது. ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

கோயில் வலப்பக்கச் சந்தில் இருந்ததால் பிலிப்ராஜ் காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் பூசைக்கு நடந்தார். மலையிலிருந்து இறங்கினால் ஆலங்காயம் கூட்ரோட்டில் இடதுபுறம் வாணியம்பாடி, வலதுபுறம் ஒடுகத்தூர், அதைத் தாண்டி வேலூர். ஆகவே வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகளும் ஜுரக்காரர்களும் பத்மினியில் ஏறினார்கள். வேலூர்க்காரர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். திரும்பி வரும்போது கடைத்தெருவை மூன்று முறை இடதாக ஒடித்துச் சுற்றி மலை ரோட்டைப் பிடிப்பார். அதே தந்திரத்தை ஒடுகத்தூர் ரோட்டுக்கும் செய்து பார்த்தார். அந்த ரோட்டு முனையில் எஞ்சினே அணைந்துவிட்டது.

அவர் மனைவி மதலேனாள் மட்டும் அந்தக் காரில் ஏறவேயில்லை. தினமும் காலையில் வாசல் பெருக்கி முடித்ததும், துடைப்பத்தின் அடிக்கட்டையால் முன் பம்பரில் ஓங்கி ஒரு அடி வைப்பாள். புள்ளைய முழுங்கின சனியனே என்பாள். ஆறு வருடத்தில் பம்பர் அந்த இடத்தில் குழிந்துபோயிருந்தது. பிலிப்ராஜ் பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டு நிற்பார்.

காரணம் ஊருக்கே தெரியும். 2018 ஐப்பசியில், சாமைக்காட்டில் அறுத்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் மெர்சிலினைக் கண்ணாடி விரியன் கடித்தது. நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண், வயது இருபத்திரண்டு. மதலேனாள் அன்று சந்தவாசலில் தங்கை வீட்டில் இருந்தாள். பிலிப்ராஜ் மகளைப் பின்சீட்டில் படுக்கவைத்து மலையிறங்கினார். கூட்ரோட்டில் கார் வலதுபுறம் திரும்பியது. ஒடுகத்தூருக்கு இந்தப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் பிள்ளைக்கு மூச்சு நின்றது. கிட்டத்தில் வாணியம்பாடி இருக்க, அந்தப் பக்கம் ஏன் போனீங்க என்று மார்பில் அடித்துக்கொண்டு கேட்டவளிடம், ஸ்டியரிங் இழுத்துவிட்டது, என்ன ஒடித்தும் இடப்பக்கம் வரவில்லை என்றார் பிலிப்ராஜ். பழைய வண்டியில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது சகஜம்தானே, எல்லோரும் நம்பினார்கள். பத்மினியும் அப்போது பக்கத்தில்தான் நின்றது. அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்துதான் அது திரும்பவில்லை.

ஆறாவது வருடம், கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், மதலேனாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "பாப்பா மூச்சு வுட்ட எடத்துல ஒரு மெழுகுவத்தி ஏத்தணுங்க. அவ கடைசியா படுத்துனு போன வண்டியிலதான் நானும் போவணும். சரி பண்ணிக் குடுங்க." கட்டி முப்பது வருடத்தில் அவள் அவரிடம் கேட்டது சொற்பம். பிலிப்ராஜ் தட்டிலேயே கை கழுவினார்.

ஆலங்காயம் மெக்கானிக் அர்ச்சுனன் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று கைவிரித்திருந்தார். அதனால் பிலிப்ராஜ் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தினார். ஸ்டியரிங்கைக் கழற்றுமுன் அது தண்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தை அடையாளம் வைக்க வேண்டும். பல் மாறி மாட்டினால் சக்கரம் ஒரு பக்கமும் ஸ்டியரிங் ஒரு பக்கமும் பார்க்கும். மெர்சிலினின் பெட்டியில் இறுகிக் கிடந்த ரோஸ் நெயில் பாலிஷைத் தின்னர் விட்டு இளக்கி, தண்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரே கோடாக இழுத்தார். நட்டைக் கழற்றினார். சக்கரங்களைப் பிணைக்கும் டை ராடுகளைத் தட்டி எடுத்தார். ஸ்டியரிங் பாக்ஸையும், அதற்கு அடியில் சக்கரங்களை இழுத்துத் தள்ளும் டிராப் ஆர்மையும் புல்லர் போட்டுப் பிரித்தார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்பினார். பல் தேயவில்லை, ஜாயிண்டில் ஆட்டமில்லை. எல்லாவற்றையும் பூட்டி, கூட்ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நாலு நாள் கழித்து மறுபடி பிரித்தார், மறுபடி பூட்டினார். அது அசைந்து கொடுக்கவில்லை.

மூன்றாவது தடவை திருநாளுக்கு முந்தின மத்தியானம். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் கட்டி நேர் பார்த்தாயிற்று. டிராப் ஆர்மை இறுக்கும்போது மேலே ஒருவர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். வேறு ஆள் இல்லாததால் மதலேனாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பிலிப்ராஜ் அடியில் மல்லாந்து கிடந்தார். அவர் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அது அவர் வாயிலிருந்து வந்தது.

"மதலேனா."

"இன்னாங்க?"

"ஸ்டியரிங் இழுக்கல. நான்தான் ஒடிச்சேன். வாணியம்பாடியே போப்பா, அதான் கிட்டன்னு பாப்பா சொன்னா. வேலூரு பெரிய ஆஸ்பத்திரி, பொழைச்சிக்குவான்னு நான்தான் கேக்கல."

மேலே மதலேனாள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள். அவர் நெஞ்சுக்கு நேராக டிராப் ஆர்ம் தானாக வலதுபுறம் நகர்ந்தது. சக்கரம் இரண்டும் கூடவே திரும்பின. மதலேனாள் திருப்பவில்லை, அவள் கைகள் மடியில் கிடந்தன.

"ஆறு வருசமா தொடப்பத்தால இத அடிச்சினு இருந்தேன்," என்றாள் அவள். "நீ பாத்துக்கினே இருந்த."

முப்பது வருடமாக 'ங்க' போட்டுப் பேசிய வாய். பிலிப்ராஜுக்கு மற்ற எதையும்விட அதுதான் உறைத்தது. அவள் இறங்கி வந்து பம்பர் குழிவை முந்தானையால் துடைத்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். காருக்கு அடியில் பிலிப்ராஜ் வாய்விட்டு அழுதார். அவள் குனிந்து பார்க்கவில்லை. வெயில் தாழ்ந்தபிறகு அவர் மிச்ச நட்டுகளை இறுக்கி, புது பின்களைச் செருகி, ஸ்டியரிங் நட்டையும் பூட்டினார்.

மறுநாள் மதலேனாள் பின்சீட்டில், மகள் தலை வைத்திருந்த ஓரத்தில் உட்கார்ந்து போனாள். கூட்ரோட்டில் பத்மினி ஒற்றை விரலுக்கு வலதுபுறம் திரும்பியது. புளியமரத்தடியில் காற்று, மூன்று தீக்குச்சி வீணாயின. மெழுகுவர்த்தி கரைந்து முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிலிப்ராஜ் தள்ளிப் போய் ரோட்டோரம் நின்றார்.

அதிலிருந்து பத்மினி இரண்டு பக்கமும் திரும்புகிறது, கோயில் வாசல்வரை போகிறது. நேரான ரோட்டில் ஓடும்போது மட்டும் ஸ்டியரிங் கொஞ்சம் இடது சாய்ந்து நிற்கிறது. ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்ச்சுனன் சொன்னார். பிலிப்ராஜ் கழற்றி ரோஸ் கோட்டுக்கு நேராக மாட்டினார். கூட்ரோட்டைத் தாண்டுவதற்குள் அது ஒரு பல் இடப்பக்கம் போய்விட்டிருந்தது. அர்ச்சுனன் மாட்டியபோதும் அப்படித்தான். மூன்றாவது தடவை ஸ்பேனரை எடுத்தபோது பின்சீட்டிலிருந்து மதலேனாள் சொன்னாள்: "வுடு. அவ சொன்ன பக்கமே பாத்துக்கினு இருக்கட்டும்."

'ங்க' இன்னும் வரவில்லை. பிலிப்ராஜ் ஸ்பேனரை உள்ளே வைத்துவிட்டு, வாணியம்பாடியைப் பார்த்த ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக் காரை நேராக ஓட்டிப் பழகிக்கொண்டார்.